நான் போகாத ஆட்டங்கள்

பெப்ரவரி 6, வெள்ளி

மழையும் பனியும் கலந்து. கார்க் கண்ணாடியைச் சுரண்டவே பத்து நிமிடம். விபோர்க்கிலிருந்து ஐஸ் ஹொக்கி மண்டபத்துக்கு வழக்கமாக ஒரு மணி நேரம், இன்று ஒன்றேகால்.

தோல்வி. 1–4. தொடர்ந்து ஏழாவது.

எதிரணியில் ஒருவனை இரண்டு நிமிடம் வெளியே இருத்திவிட்டார்கள். அவர்கள் நான்கு, நாங்கள் ஐந்து. எங்கள் ஐந்து பேரும் வட்டை ஆளுக்காள் தள்ளிக்கொண்டு நின்றார்கள், கலியாண வீட்டுப் பந்தியில் "நீங்கள் முதலில் இருங்கோ" என்பதுபோல. அடிக்க ஒருவனில்லை. எழும்பிக் கத்தினேன். தமிழில்தான். பக்கத்து இருக்கை கிர்ஸ்டன் (இனி கி.) அதையே டெனிஷில் கத்தினாள்.

பதினொரு வருடமாகப் பக்கத்து இருக்கை. கி. பற்றி எனக்குத் தெரிந்தவை: எழுபதுக்குக் கிட்ட வயது, சிகரெட், கறுப்பு லாக்ரிட்ஸ் மிட்டாய், பயிற்சியாளரைக் கண்ணில் காட்டக்கூடாது. தெரியாதவை: வீடு, குடும்பம், தொலைபேசி எண். அவளுக்கும் என்னைப் பற்றி இவ்வளவுதான். மெற்றில்டா என்ற என் பெயரை முதல் நாளே மெட்டெ ஆக்கிவிட்டாள்.

பெப். 8, ஞாயிறு

பூசை. முடிந்து தேத்தண்ணி. சமையலறைப் பக்கம் ஒரு தங்கச்சி:

"அக்கா, உங்கட ஐஸ் ஆக்கள் இன்னும் தோக்கினமே?"

"ஓம்."

"பிறகேன் போறியள்?"

நல்ல கேள்வி. மகனை விளையாட ஏற்றி இறக்கப் போய்த் தொற்றிய வியாதி. பதின்மூன்று வயதில் அவன் விட்டுவிட்டான், நான் விடவில்லை. இப்போது அவன் கோபன்ஹேகனில். நேற்று டெனிஷில் ஒரு வரி அனுப்பியிருந்தான்: "அம்மா, வேறு அணிக்கு மாறு." புருஷனை மாற்று என்பதுபோல எவ்வளவு இலேசாகச் சொல்கிறான்.

வாங்க: வெங்காயம், ரின் மீன், குசினிக்கு பல்ப்.

பெப். 10, செவ்வாய்

வேலையில் ஒருத்திக்குக் காய்ச்சல். முதியோர் இல்லச் சமையலறையில் அவளுடைய மாலை நேரமும் என் தலையில். ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. ஐம்பது பேருக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டு போனைப் பார்த்தால் 5–1.

ஐந்து எங்களுடையது! கரண்டி கை தவறி விழுந்தது.

பிறகு எரிச்சல். நான் இல்லாத நாளா கிடைத்தது இவர்களுக்கு?

பெப். 13, வெள்ளி

போனேன். 0–3. எழுத ஒன்றுமில்லை.

என் மனுசன் யூட் (இனி யூ.) சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவருக்கு.

"இஞ்சை பாரும், நீர் போகாட்டில் வெல்லுறாங்கள். நீர் போனால் தோக்கிறாங்கள். உம்மட ராசிதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கல்யாணம் செய்த நாளிலிருந்து இந்த மனுசனின் பகிடி இப்படித்தான், சொல்லிவிட்டு அவர் மறந்துவிடுவார். நான் படுக்கையில் கிடந்து எண்ணினேன். போன வருடம் தவறவிட்டது இரண்டு: மச்சாள் மகளின் கலியாணம், இடுப்பைப் பிடித்த என் நாரி நோ. இரண்டும் வெற்றி.

இந்த வருடம் மாற்றிப் பார்த்தவை:
– காலுறை
– போகிற வழி
– கொண்டுபோகிற சாப்பாடு (ரோல்ஸை விட்டு, மீன் வைத்த மாலுபணிஸ்)
– செபமாலை, இடது பொக்கற்றிலிருந்து வலதுக்கு

என்னை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை.

பெப். 14, சனி

மெழுகுதிரி ஏற்றி அந்தோனியாரிடம் நேர்ந்துவிட்டேன். பருவம் முடியும்வரை மண்டபத்துக்குள் கால் வைக்கமாட்டேன். அவர்களை எட்டாம் இடத்துக்குக் கொண்டுவாரும். எட்டு என்றால் அடுத்த சுற்று. ஒன்பது என்றால் மார்ச் முதலாம் தேதியோடு எல்லாம் முடிந்தது. இப்போது ஒன்பது.

யூ.: "அந்தோனியாருக்கு வேறை வேலை இல்லையே?"

பாவமோ தெரியாது. பாதரிடம் கேட்க வெட்கம்.

பெப். 17, செவ்வாய்

போகவில்லை. 3–2, வெற்றி.

பெப். 18, விபூதிப் புதன்

தபசுகாலத்துக்கு விட்டவை: இறைச்சி, ஹொக்கி. இறைச்சி இலகு.

பெப். 20, வெள்ளி

4–0. நான்குக்குச் சைபர்! நான் இருந்தபோது ஒரு நாள் இப்படி அடித்தார்களா? வீட்டில் உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றேன், ஒரே சேட்டை இரண்டு தரம். சந்தோசம்தான். ஆனால் அடியில் ஒரு கோபம். நான் இல்லாமல் நன்றாக இருக்கிறார்கள் என்பதை எப்படி எடுப்பது?

பிறகு போனில் கோல்களை மட்டும் பார்த்தேன். (இதுவும் நேர்த்தியில் அடங்குமா? அந்தோனியாரிடம் விவரமாகப் பேசாதது என் பிழை.) மூன்றாவது கோலுக்குக் கமெரா எங்கள் பக்கம் திரும்பியது. கி. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் என் இருக்கையில் அவளுடைய கழுத்துச் சால்வை. யாரும் இருக்கக்கூடாதென்று விரித்துப் போட்டிருக்கிறாள்.

நான்கு தரம் திருப்பிப் பார்த்தேன், கோலை அல்ல.

பெப். 22, ஞாயிறு

கி.க்கு எப்படிச் சொல்வது? எண் இல்லை. சுகமில்லாமல் கிடக்கிறேன் என்று நினைப்பாளோ. செத்துப்போனேன் என்று நினைப்பாளோ. அவ்வளவு நினைப்பாளா என்றும் தெரியவில்லை.

பெப். 24, செவ்வாய்

போகவில்லை. தோற்றுவிட்டார்கள், 2–3.

ஒன்றும் விளங்கவில்லை. நான் போனாலும் தோல்வி, போகாவிட்டாலும் தோல்வி என்றால் இவ்வளவு நாளும் வீட்டில் இருந்தது எதற்கு? யூ. "அப்ப உம்மட ராசி இல்லைப் போல, அவங்கள்தான் சரியில்லை" என்றார். கேட்கும்போது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி. அணி தோற்றதில் நிம்மதி! அதற்காக என்னையே ஏசிக்கொண்டேன்.

ஞாயிறு கடைசி ஆட்டம். வென்றால் எட்டு. நேர்த்தி நேர்த்திதான். போகமாட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

வெயில், காற்று. பூசைக்கு யூ.வை மட்டும் விட்டுவிட்டு நேரே போனேன். மண்டபத்துக்குள் கால் வைக்கமாட்டேன் என்றுதான் நேர்ந்தது. கார் நிறுத்துமிடம் பற்றி அந்தோனியாரிடம் ஒரு பேச்சும் இல்லை.

மூன்று மணி. காருக்குள் போர்வை, பிளாஸ்க், மாலுபணிஸ். போனை அணைத்துப் பின்சீற்றில் போட்டேன். எங்கள் கோலுக்கு உள்ளே ஊதுகிற ஊதல் வெளியேயும் கேட்கும். ஒரு தரம் ஊதியது. மற்றவன் அடித்தால் ஊதமாட்டார்கள், சத்தமே இராது. சத்தமில்லாததை எப்படி எண்ணுவது?

முதல் இடைவேளை. சிகரெட்காரர் கதவடிக்கு வந்தார்கள். அதில் கி. என் காரைக் கண்டதும் நேரே வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"எங்கே போனாய்? நான்கு ஆட்டம்! வருத்தமா?"

சொன்னேன். ராசி, நேர்த்தி, அந்தோனியார், எல்லாம். டெனிஷில் சொல்லும்போது எனக்கே பைத்தியம் போல இருந்தது. சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் கோவிலுக்கே போகாதவள், ஆனால் சிரிக்கவில்லை. கடைசிவரை புகையை இழுத்து யோசித்தாள்.

"அப்போ நீ வராததால்தான் மூன்று வெற்றியும்?"

"இருக்கலாம்."

"அப்படியென்றால் இறங்காதே. இங்கேயே இரு."

கதவை அவளே தள்ளிச் சாத்திவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபம்! நானாக விலகி இருப்பது வேறு, ஒருத்தி இரு என்பது வேறு. மாலுபணிஸ் இரண்டையும் ஒரேயடியாகத் தின்றேன். ஊதல் இன்னொரு தரம்.

இரண்டாம் இடைவேளை. திரும்பி வந்தாள், இம்முறை சிகரெட் இல்லை. மற்றப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறி இருந்தாள்.

"2–1. நாங்கள் முன்னுக்கு."

"கடவுளே. போ, போய் இரு."

போகவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், வருகிற வாரமே வீட்டை விடுகிறாளாம். கோல்டிங்கில் மகளுக்குப் பக்கத்தில் சின்ன வீடு. முழங்கால் இனி இந்தப் படிகளுக்கு ஒத்துவராது. இன்று வென்றாலும் அடுத்த சுற்றுக்கு அவள் இல்லை.

"கடைசி இருபது நிமிடம், மெட்டெ. வெறும் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து நான் வெல்ல விரும்பவில்லை."

"நேர்ந்துவிட்டேனே."

"உன் ஆளிடம் சொல், பழியை என்மேல் போடச் சொல்லி. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்."

அந்தோனியாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கினேன். படியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், முழங்காலுக்காக. பதினொரு வருடத்தில் முதல்தரம் பிடித்த கை.

போய் இருந்து நான்கு நிமிடம், 2–2. கடைசி நிமிடத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் விழுந்தான், அவனைத் தாண்டி வட்டு போனது. 2–3. ஒன்பதாம் இடம். முடிந்தது.

மண்டபம் செத்த வீடு. முன்வரிசையில் ஒருவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கி. மெதுவாகத் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உண்மையாகவே நீதான்."

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நான். நிறுத்த முடியவில்லை, கண்ணீர் வந்துவிட்டது. ஆட்கள் முறைத்தார்கள். விளையாட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுற்றிவர, நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்கு வந்தவுடன் யூ.: "என்ன, வெண்டிட்டாங்களோ?"

"இல்லை."

"பிறகேன் சிரிக்கிறீர்?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.