கரையாத அம்மி

என் ஷபானாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நீ காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. உன் தூக்கத்தை இனி நான் எங்கே கெடுப்பது?

திமிரி நெல் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து நம் சார் கூப்பிட்டார். "ஷபானா விட்ட வேலைய நீதாம்மா முடிக்கணும்" என்றார். கவனித்தாயா? உன் வேலையாம்! ஆண்மலட்டு நெல்லில் மகரந்தம் ஏன் வெறும் கூடாகப் போகிறது என்று நானும்தான் உன்னோடு சேற்றில் நின்றேன். பாப்பா பிறந்ததும் நான் வீட்டோடு நின்றுவிட்டேன். கெட்டுப்போன மரபணுவை நீ கண்டுபிடித்துவிட்டாய். வயிறு எரிகிறதுடி. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படலாமா?

உன் சொல்கூட அங்கே தங்கிவிட்டது. நெல் பூவின் மகரந்தப்பையைச் சீவிப் பார்த்துவிட்டு, "அம்மி கரையலடி, அதான் பிள்ளைங்க பட்டினி" என்றாயே. அம்மிக்கல் எப்படிக் கரையும் என்று நான் முழித்தேன். "ஏ குடியாத்தம்! எங்க வூட்ல அம்மின்னா அம்மாடி!" என்று உங்கள் ஆம்பூர் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தாய்.

மகரந்தத்தைச் சுற்றி நின்று ஊட்டுகிற உயிரணு அடுக்கு அது. நேரம் வந்ததும் தானாகக் கரைந்துவிட வேண்டும். மரபணு கெட்டால் கரையாமல் நிற்கும், மகரந்தம் காலி. உள்ளே மாவுச்சத்து இல்லாததால் அயோடின் விட்டாலும் கருக்காது. புதிதாக வந்த பெண்களும் அதை அம்மி என்றுதான் சொல்கிறார்களாம். நான் விட்டுவந்த சொல் ஒன்றுகூட அங்கே இல்லை.

போகட்டுமா வேண்டாமா என்று தவித்தேன். மாமியார் பாப்பாவுக்கு ஊட்ட உட்கார்ந்தால் ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொள்கிறேன். இன்றைக்குக் கேட்டேவிட்டார்: "உம்பொண்ண நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்? குடுத்துட்டு வேலைக்குப் போயேம்மா."

அப்போது எனக்கு உன் சிரிப்பு கேட்டது: "அம்மி கரையலடி!"

திங்கட்கிழமை போகிறேன், ஷபானா. வேலையை முடிப்பேன். ஆராய்ச்சிப் பேப்பரில் உன் பெயரைத்தான் முதலில் போடுவேன். வயிற்றெரிச்சலோடுதான் போடுவேன், ஆனால் போடுவேன்.

ஒன்று மட்டும் சொல். பாப்பாவைப் பார்க்க வந்த அன்றைக்கு அவளை மடியில் வைத்து, அவளையே காட்டி, "உன் பேப்பர் நல்லா வந்திருக்குதுடி" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் நான் கை நீட்டியும் அவளைத் திருப்பித் தர உனக்கு நேரமாயிற்று. உனக்கும் அன்றைக்கு என் மேல் பொறாமை இருந்ததா?

சீக்கிரம் பதில் போடு.

ஒரே மைக்ராஸ்கோப்புக்கு உன்னோடு அடித்துக்கொண்ட
உன் சக்களத்தி,
ரேவதி