மட்றிட்டின் மீதிக் காலம்

ஜனவரி 11, 2026, ஞாயிறு

காலையிலிருந்து பனி. காரைத் தோண்டி எடுக்கவே முக்கால் மணித்தியாலம் போனது. கூட்டத்துக்குப் பிந்தித்தான் போனேன். தலைவர் பிந்தினால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, அது ஒரு சுகம்.

மொன்றியலின் வில்லரேயில் எங்கள் தமிழ் ஒன்றியத்தின் நிர்வாகக் கூட்டம். ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். ஜூனில் வரும் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவைப் பற்றித்தான் பேச்சு. மேடை, சிறப்பு மலர், மலரின் முதல் பக்கத்தில் தலைவர் செய்தி, என் படம். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் சிவாஜினி கேட்டார்: "அண்ணை, மார்ச்சோடை எங்கடை காலம் முடியுது. தேர்தல் அறிவித்தல் எப்ப போடுறது?"

எனக்குத் தெரியும். மார்ச்சில் முடிகிறது என்று நன்றாகவே தெரியும். 2022 இல் நான்கு வருடத்துக்குத் தெரிவான சபை சண்டை பிடித்துக் கலைந்தது. போன வருடத் தொடக்கத்தில் இடைத்தேர்தலில் நாங்கள் வந்தோம். அப்படி வருகிறவர்களுக்கு மீதிக் காலம் மட்டும்தான். அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்! 2021 பொதுக்கூட்டத்தில் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். ஸ்பெயினில் மட்றிட் பிராந்தியப் பேரவையை இடையில் கலைத்து, அந்த மே மாதம் 136 பேரைத் தெரிந்தார்கள். ஆனால் அவர்களுக்கு 2023 வரைதான் ஆயுள், புதிதாக நான்கு வருடம் கிடையாது. எங்களுக்கும் அப்படி இருந்தால் இடையில் கலைக்கிறவனுக்கு லாபம் இராது என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து என் பட்டப்பெயர் 'மட்றிட்'.

இன்றைக்கு என்ன சொன்னேன்? "இல்லைத் தங்கச்சி, புதுசா நாலு வருசம். 2029 வரைக்கும் இருக்கு."

"நீங்கள்தானே மட்றிட் கதை சொன்னனீங்கள்? நான் அறிக்கையிலை எழுதி வைச்சிருக்கிறன்."

"அது நீர் பிழையா விளங்கி எழுதினது. கத்தலோனியாவிலை என்ன நடக்குது எண்டு பாரும்."

சபை உறுப்பினன் ரதீசன் சிரித்தான். "மட்றிட்டுக்கே ஸ்பெயின் படிப்பிக்கிறியளோ, அக்கா?" மற்றவர்களும் சிரித்தார்கள். சிவாஜினி கொப்பியை மூடினார். பதினொரு வருடமாக எங்கள் கூட்ட அறிக்கை எழுதுகிறவர்.

ஜனவரி 12

கத்தலோனியாவும் ஸ்பெயின்தான், அங்கே இடையில் கலைத்தாலும் புதிதாக நான்கு வருடம்தான். ஆகவே நான் சொன்னது பொய்யில்லை. வேலைக்குப் போகும்போது மெட்ரோவில் மூன்று தரம் இதை எனக்கே சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தரமும் பொய்யாகத்தான் இருந்தது.

ஜனவரி 24

பொங்கல் விழா. மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து, "2029 வரை உங்களுக்குச் சேவை செய்வோம்" என்று அறிவித்தேன். நல்ல கைதட்டல். சிவாஜினி வரவில்லை.

பெப்ரவரி 3

ரதீசன் ஒரு பை கொண்டுவந்து தந்தான். மண்டபக் கதவின் திறப்புக் கோர்வை, முத்திரைக் கட்டை, அறிக்கைக் கொப்பி. கூடவே சிவாஜினியின் கடிதம், ஒரே வரி: "எனக்கு விளக்கம் குறைவு என்றபடியால் விலகுகிறேன்."

"உதுக்கெல்லாம் கோவிக்கிறதோ, அண்ணை?" என்றான் ரதீசன். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

பெப்ரவரி 8

மகள் சாருஜாவுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். பதினெட்டு முடிந்த நாளிலிருந்து ஒன்றியத்தில் சேரச் சொல்லி இவளிடம் கெஞ்சுகிறேன். "அங்க ஆக்கள் சண்டைதானே பிடிப்பினம், பப்பா" என்பாள். இன்று அவளாகவே வந்தாள். ஸ்பெயினின் பிராந்தியப் பேரவைகள், உறுப்பினர் தொகை, பதவிக்காலம் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளாம்.

"உங்கட ஒன்றியம் மட்றிட் றூலை எடுத்ததுதானே? புறொபெசருக்குச் சொன்னன், அவவுக்கு நல்லாப் பிடிச்சிட்டுது. மொன்றியலில ஒரு தமிழ் சங்கம்! அந்த மினிட்ஸ் பேஜைப் படம் எடுக்கலாமா?"

எங்கள் விஷயம் ஒன்றை இவள் பெருமையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. "தேடிப் பாக்கிறன்" என்றேன். கொப்பி என் அலுமாரி லாச்சியில், சப்பாத்துச் சொக்ஸுக்குக் கீழே இருந்தது.

பெப்ரவரி 10

கொப்பியைத் திறந்தேன். சிவாஜினியின் உருண்டை எழுத்து: "இடையில் தெரிவாகும் சபையின் ஆயுள் மீதிக் காலத்துக்கு மட்டுமே. முன்மொழிந்தவர்: கிருபானந்தன். வழிமொழிந்தவர்: எமிலியானுஸ். ஏகமனதாக ஏற்கப்பட்டது."

இதற்கு இந்த ஒரு பக்கம்தான் சாட்சி. ஒன்றியத்தின் அச்சடித்த யாப்பு விதிகளில் இதைச் சேர்க்கிற வேலை என்னுடையது. நாளை நாளை என்று விட்டுவிட்டேன். எமிலியானுஸ் அண்ணைக்கு எழுபத்தாறு வயது. அவருக்கு ஞாபகம் இல்லை. மற்றவர்களுக்கு என் பட்டப்பெயர் மட்டும்தான் ஞாபகம்.

கிழிச்சன். ஓம், கிழிக்கத் தொடங்கினன். ரெண்டு விரல் நீளம் போச்சுது, பேந்து கை நிண்டுட்டுது. என்ன மனுசன் நான்? ஒரு மலரிலை படம் வாறதுக்கா?

பெப்ரவரி 11

கொப்பியைச் சாருஜாவிடம் நானே கொடுத்தேன். ஒளிப்பதற்கும் தைரியம் வேண்டுமே.

எழுத்துக்கூட்டி மெல்ல வாசித்தாள். கிழிசலைப் பார்த்தாள். "பொங்கலில 2029 எண்டுதானே சொன்னீங்கள்?" என்றாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். படம் எடுக்காமலே கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள்.

மார்ச் 1

கட்டுரையைக் கொடுத்துவிட்டாளாம். "எங்கடை ஒன்றியத்தைப் பற்றி எழுதினனீரோ?" என்று கேட்டேன். "அதை எடுத்திட்டன்." தமிழில் அவ்வளவுதான். பிறகு தாயோடு பிரெஞ்சில் வேறு கதை.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 6

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் சிவாஜினி வேலை செய்யும் கார்டரிக்கு, குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நேரம். ஒரு குழந்தைக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் போகும்வரை வாசலில் நின்றேன். பிறகு, "நீர் எழுதினதுதான் சரி, தங்கச்சி. மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"எனக்குத் தெரியும் அண்ணை, நான் எழுதினது சரி எண்டு. நீங்கள் ஏன் இஞ்சை வந்து சொல்லுறியள்? ஆக்களுக்கு முன்னாலைதானே என்னைச் சொன்னனீங்கள். அங்கை போய்ச் சொல்லுங்கோ."

கொப்பியைக் கொடுத்தேன். கிழிசலைச் சொல்லவில்லை. விரித்தால் தெரியும்தானே.

மார்ச் 22

பொதுக்கூட்டம். அறுபது பேர் இருக்கும். எழுந்து நின்றேன். முதல் நாள் முழுக்கப் பாடமாக்கிய வசனம்: "நான் தெரிஞ்சுகொண்டு பொய் சொன்னன்." வாயில் வந்தது வேறு. "மறதியிலை பிழையாச் சொல்லிப்போட்டன். எங்கடை காலம் முடிஞ்சுது. அடுத்த ஞாயிறு தேர்தல் வைப்பம்."

உடனே மன்னித்துவிட்டார்கள். "ஆருக்குத்தான் மறதி இல்லை, மட்றிட்!" என்றார் எமிலியானுஸ் அண்ணை. கைகூடத் தட்டினார்கள். நான் கும்பிட்டேன்! கொப்பியோடு வந்த சிவாஜினி பழைய இடத்தில் இருந்து குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சாருஜா கேட்டாள், "என்ன சொன்னீங்கள்?" சொன்னேன். "மறதி?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனாள்.

மார்ச் 29

தேர்தல். நான் நிற்கவில்லை. எமிலியானுஸ் அண்ணை தலைவர், சிவாஜினி மறுபடி செயலாளர். மலருக்கு எமிலியானுஸ் அண்ணையின் படத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 12

வழியில் காண்கிறவர்கள் எல்லாம், "பரவாயில்லை, மறதிதானே" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "ஓம், ஓம்" என்கிறேன். அந்தப் பொய்யின் பதவிக்காலம் மட்டும் இன்னும் முடியவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

புதிய சபையின் முதல் பொதுக்கூட்டம். முன் வரிசையை விட்டு மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

சிவாஜினி மார்ச் 22 கூட்ட அறிக்கையை வாசித்தார். கொப்பியைப் புரட்டும்போது 2021 பக்கம் தெரிந்தது. குறுக்கே நேராக ஒட்டுநாடா ஒட்டியிருந்தார். "முன்னாள் தலைவர் மறதியினால் பிழையான தகவல் கொடுத்ததாகத் தெரிவித்தார்." நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். என் பொய்யையும் நேர்மையாக எழுதியிருந்தார்.

"திருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். இதற்கு யாரும் கை உயர்த்தி நான் கண்டதில்லை. என் கை உயர்ந்தது.

"மறதியினாலை எண்டதை வெட்டுங்கோ. தெரிஞ்சுகொண்டுதான் சொன்னன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பாத்ததும் நான்தான். பிழையா எழுதினது எண்டு இந்தப் பிள்ளையைச் சொன்னது பொய்."

இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. ரதீசன் நிலத்தைப் பார்த்தான். எமிலியானுஸ் அண்ணை, "உதெல்லாம் எதுக்கு இப்ப, தம்பி..." என்று இழுத்தார்.

சிவாஜினி பேனையை எடுத்தார். "திருத்தத்தை முன்மொழிந்தவர் கிருபானந்தன். வழிமொழியிறது ஆர்?"

யாரும் அசையவில்லை. வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் திருத்தம் விழுந்துவிடும், மறதி என்றே இருந்துவிடும்.

கடைசி வரிசையில் ஒரு கதிரை இழுபட்டது.

"நான், அன்ரி."

திரும்பிப் பார்த்தேன். சாருஜா குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கை உயர்த்தி நின்றாள்.

"அங்கத்தவர்தான் வழிமொழியலாம், பிள்ளை" என்றார் சிவாஜினி.

"போன கிழமை சேர்ந்திட்டன்."

சிவாஜினி அவள் பெயரை எழுதினார்.