மானுக்கு விட்ட வழி

திருப்புலிவனம்
18-2-79

அன்பு மகள் கனகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் கறவை மாடும் ஒருவர் மேல் ஒருவர் சலித்துக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் கைவலி என்று புளுகலாம் என்றிருந்தேன், கை நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை. உன் மாமா வேதகிரி, என் கூடப்பிறந்த ஒரே தம்பி, எனக்குச் செய்திருப்பதை எப்படி எழுதுவது என்று தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஊரில் எல்லார் வீட்டுக் கதையையும் உனக்கு எழுதிச் சிரித்தவள் நான், இப்போது நம் வீட்டுக் கதையே ஊருக்குக் கிடைத்துவிட்டது.

காட்டோரம் என் அப்பா எனக்கென்று எழுதிவைத்த கொல்லை நிலத்தில் இந்தப் பட்டமும், அங்கே நீங்கள் வேர்க்கடலை என்று வாங்குகிற மல்லாட்டைதான் போட்டோம். சாயந்திரமானால் காப்புக்காட்டு மான்கள் ஏரிக்குத் தண்ணீர் குடிக்க இறங்குவதும் வழியில் செடியை மேய்வதும் உனக்குத் தெரிந்ததுதான், போன வருஷம் நாங்கள் நான்கு கொல்லைக்காரர்களும் அடித்த கூத்துதான் தெரியாது. வீராசாமி தகரம் தட்டித் தன் கொல்லையிலிருந்து கௌஸ் பாய் கொல்லைக்கு விரட்டுவார், பாய் தன் உத்திரமேரூர் கடையில் விற்காமல் கிடந்த தீபாவளிப் பட்டாசைக் கொளுத்தி என் கொல்லைக்கு அனுப்புவார், எனக்குத் தகரமும் வேண்டாம் பட்டாசும் வேண்டாம், வாயைத் திறந்தால் போதும், மான் உன் மாமா கொல்லையில் போய் நிற்கும், மாமா மறுபடி வீராசாமிக்கே ஓட்டுவான். அதுகள் தின்றதைவிட ஓடி மிதித்ததுதான் அதிகம். கண்ணி வைக்கலாம் என்றார் வீராசாமி, மானைத் தொட்டால் ஜெயில் என்று பாரஸ்ட்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது, அது பாட்டுக்குத் தூங்கியிருக்கலாம். ஆளுக்குக் கொஞ்சம் வரப்போரம் விதைக்காமல் விட்டால் காட்டிலிருந்து ஏரிவரைக்கும் மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரு வழி கிடைக்கும், மேலே வீராசாமியும் பாயும் ஆளுக்கு ஒரு பக்கம், கீழே ஏரியை ஒட்டி நானும் மாமாவும் ஆளுக்கு ஒரு பக்கம், இரண்டு ஓரமும் முள் கட்டிவிட்டால் மான் இறங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும், யாரும் யார் கொல்லைக்கும் விரட்ட வேண்டாம். இதைச் சொல்வதற்கு நான் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன், அந்தப் புடவை இப்போது என்னை முழுதாகச் சுற்றி வர மறுக்கிறது என்பது வேறு விஷயம். கௌஸ் பாய், "இன்னாக்கா, மானுக்கு ரேஷன் கார்டும் வாங்கிக் குடுக்கப் போறியா?" என்று கேட்டார். வீராசாமி, "நீ எலெக்சன்ல நிக்கறதுக்கு என் கொல்லதான் கெடைச்சுதா?" என்றார். கூடவே வந்து எனக்காகப் பேசியவன் உன் மாமாதான், "அக்கா சொல்றதுல ஞாயம் கீது, கம்முனு ஒத்துக்கோங்க" என்று அவன் சொன்னதும் இரண்டு பேரும் தலையாட்டினார்கள், அந்த ஒரு பேச்சுக்காக அவனுக்கு நெய் விட்டுக் கேசரி கிண்டிப் போட்டேன், நெய்க்காக இப்போது வயிறு எரிகிறது.

திரௌபதி அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி ஒவ்வொருவரும் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது என்று முடிவாயிற்று. நான் அணைத்தேன், வீராசாமி அணைத்தார், கௌஸ் பாய் வெளியே நின்றபடி, "எனக்கு இது வழக்கம் இல்ல, ஆனா எனக்கு நாக்கு ஒண்ணுதான் அக்கா" என்று வாக்குக் கொடுத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி கற்பூரம் ஏற்றி எல்லாருக்கும் நீட்டியவன் மாமா. பெரிய காரியம் சாதித்த மிதப்பில் நான் அம்மனுக்கே ஆலோசனை சொல்கிற மாதிரி நின்றிருந்தேன்.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு என் கொல்லையில் மட்டும் மேய்ச்சல் ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் முள் கட்டியபடி இருக்கிறது, கொல்லைக்குள் போக அந்த வழியோரம் வைத்த படல் சாத்தியபடி இருக்கிறது, உள்ளே செடி மொட்டையாக நிற்கிறது. மான் தாண்டுகிறது என்று நினைத்து முள்ளை உயர்த்தினேன், என் கழுத்து உயரத்துக்கு வந்துவிட்டது, மேய்ச்சல் நிற்கவில்லை. மானுக்கும் என்மேல் ஒரு கண் என்று உன் நைனா கேலி செய்தார். மாமா தினமும் வந்து உச்சுக்கொட்டி, "இன்னாத்துக்குக்கா இந்த வயசுல உனுக்கு இந்தப் பேஜாரு, கொல்லைய என்னான்ட உட்டுட்டு நிம்மதியா இரேன்" என்று அனுசரணையாகச் சொல்வான். நானும் கண் கலங்கி, தம்பி என்றால் இவனல்லவா என்று நினைத்தேன். அன்றொரு காலை படலை அவிழ்க்கக் குனிந்தபோது கயிற்றைப் பார்த்தேன். எனக்கு விரல் மடங்காததால் சும்மா ஒரு சுருக்குப் போட்டுவிட்டு வருவேன், அங்கே இருந்ததோ இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிய முடிச்சு, என் அப்பா போடுவது, அவர் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தது. மான் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் என் அப்பாவிடம் முடிச்சுப் போடக் கற்றிருக்காது. பாதை ஏரியில் முடிகிற இடத்துக்குப் போனேன், முள்ளை இழுத்துப் போட்டு எடுத்த தடம் மண்ணில் கோடு கோடாகக் கிடந்தது. பொழுது சாய்ந்ததும் அங்கே முள்ளைப் போட்டு அடைப்பது, என் படலைத் திறந்துவிடுவது, தண்ணீருக்கு வந்த மான் வேறு வழியில்லாமல் என் கொல்லையில் புகுந்து மேய்ந்துகொண்டே ஏரிக்குப் போய்வருவது, விடிவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி சரிசெய்வது, இவ்வளவு உழைப்பைத் தன் கொல்லையில் காட்டியிருந்தால் அவன் எப்போதோ பணக்காரனாகியிருப்பான்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். நாஷ்டா தின்றுகொண்டிருந்தான். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். இட்லியைப் பிட்டபடியே, "நான் எங்கக்கா அணைச்சேன், நான் தட்டுதானே புடிச்சிக்கினு இருந்தேன்" என்றான். யோசித்துப் பார்த்தேன், வாஸ்தவம், அவன் கை கற்பூரத்தின் மேல் படவே இல்லை, அன்றைக்கே திட்டம் போட்டுத்தான் தட்டைக் கையில் வாங்கியிருக்கிறான். உன் அத்தை கோவிந்தம்மாள் சட்னிக் கிண்ணத்தோடு வந்து, "பொட்டப்புள்ளையப் பெத்து வடக்க அனுப்பிட்டு யாருக்காகக் கொல்லையக் கட்டிக்கினு அழுவுற? வெளிய போற நெலமா அது? எப்பயும் எங்க புள்ளைங்களுக்குத்தானே" என்றாள். அவன் ஏதாவது மறுத்துச் சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் இன்னொரு இட்லி கேட்டான். வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன், மாடு மட்டும் பார்த்தது, அது வெளியே சொல்லாது.

அடுத்த நாளே மாமா தன் பங்குக்கு விட்டிருந்த இடத்தை உழுது சேர்த்துக்கொண்டான். கட்டுப்பாடு உடைந்தது, இனி தகரம்தான், கண்ணிதான் என்று வீராசாமி குதித்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். குறைந்த அகலத்தை என் பக்கத்திலிருந்தே விட்டுவிட்டேன், எப்படியும் மான் தின்ற இடம்தானே. வீராசாமியும் கௌஸ் பாயும் ஆள் விட்டு என் முள்ளை உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள், பாய் எந்தக் கற்பூரத்தையும் தொடாமலேயே தன் பங்கு இடத்தை இன்றுவரை விட்டு வைத்திருக்கிறார். இப்போது மேய்ச்சல் இல்லை. மீதிச் செடியில் காய் பிடித்திருக்கிறது, அடுத்த பட்டமும் நான்தான் விதைக்கப் போகிறேன், இடுப்பு ஒத்துழைக்காவிட்டால் உட்கார்ந்துகொண்டு விதைப்பேன்.

கனகா, அக்காவுக்கு வயசாகிவிட்டது, நிலத்தை எனக்கு விடச் சொல் என்று அவன் உனக்கு எழுதினாலும் எழுதுவான். எனக்குப் பிறகு அது உன் நிலம். அம்மா உயிரோடுதான் இருக்கிறாள், அவளையே கேளுங்கள் என்று ஒரு வரி போடு, கோபமாக வேறெதுவும் எழுதாதே, அவனைத் திட்டும் பாத்தியதை எனக்கு மட்டும்தான், அதை உனக்குக்கூட எழுதிவைப்பதாக இல்லை. குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளை ராத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகச் சொல். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். சித்திரையில் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள், எப்போதும் உனக்காக பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாமா வண்டி இந்தத் தடவை வராது, உத்திரமேரூரில் இறங்கிக் கௌஸ் பாய் கடையில் உட்கார்ந்திரு, உன் நைனா சைக்கிளில் வந்து அழைத்துக்கொள்வார்.

இப்படிக்கு ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ராணியம்மாள்