கறுவலின் தண்ணீர்ச் சட்டி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
14.05.2024

கஜீபனுக்கு,

உன் அண்ணன் எழுதுவது. உன் இலக்கத்தைக் கைபேசியில் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். நீ தந்த நாய் சனிக்கிழமை காலை செத்துப்போனது. வயது பதினாலு மாதம்.

அப்பா படுக்கையில் கிடந்த நாலு வருடமும் கண்டியிலிருந்து எட்டிப் பார்க்காதவன் நீ. அவருடைய முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு, உன் மகள் லோஜினியிடம் உன் வீட்டில் பிறந்த ஒரு சாதி நாய்க்குட்டியைக் கொடுத்து அனுப்பினாய். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாய். பிள்ளை வாசலில் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனோடு வந்த பரம்பரைப் பத்திரத்தில் நீளமான இங்கிலீஷ் பெயர். நாங்கள் கறுவல் என்றோம். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் தானும் ஊதுவான். வீதியில் திரியும் மான்களைக் கண்டால் குரைக்காமல் வாலாட்டுவான்.

தை மாதத்திலிருந்து ஓயாமல் தண்ணீர் குடித்தான். விறாந்தையெல்லாம் ஈரம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர்ச் சட்டியை எட்டாத இடத்தில் எடுத்து வைத்தும் பழக்கிப் பார்த்தேன். பிறகு சாப்பாட்டையும் விட்டான். மிருக வைத்தியர் சொன்னார்: "ஐயா, இது பரம்பரையில வாற வருத்தம். சிறுநீரகம் சரியா வளரவே இல்லை. உங்களால ஒண்டும் செய்திருக்கேலாது."

மூன்று தலைமுறைப் பெயர்கள் எழுதிய பத்திரத்தில் இந்த நோய்க்கு ஒரு வரி இல்லை. தெரிந்துதான் தந்தாயா? அதற்கு மட்டும் பதில் எழுது.

சி. அருளம்பலம்


கண்டி.
21.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை லோஜினிக்கு வாசித்துக் காட்ட என்னால் முடியவில்லை. அவளே எடுத்து வாசித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

தரும்போது தெரியாது, அண்ணா. மாசியில் கறுவலோடு பிறந்த பெட்டைக்குட்டி இதே நோயில் போனது. அன்றைக்கே உங்களுக்குப் பதிவுத்தபாலில் எழுதினேன். நீங்கள் கையெழுத்து வைத்து எடுத்த அத்தாட்சி என்னிடம் இருக்கிறது. இரத்தம் சோதிக்கச் சொல்லி எழுதினேன். எவ்வளவு குடித்தாலும் தண்ணீரை மறிக்க வேண்டாம் என்றும் எழுதினேன். பதில் வராததால் கோபம் தீரவில்லையாக்கும் என்று இருந்துவிட்டேன். அண்ணிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கலாம். உங்கள் இருவருக்குள் சண்டை வரும் என்று பயந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற மூன்று குட்டிகள் போன வீடுகளுக்கு இன்னும் அறிவிக்கவில்லை. என் நாய்களைப் பற்றி என்ன கதைப்பார்களோ என்ற வெட்கம்.

அப்பா விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான்.

உங்கள் தம்பி,
கஜீபன்


திருகோணமலை.
27.05.2024

தம்பி,

உன் பதிவுத்தபால் அலுமாரியில், அப்பாவின் மருந்துத் துண்டுச்சீட்டுகளுக்குக் கீழே கிடந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பாய் என்று நினைத்துத்தான் உடைக்காமல் வைத்தேன். மன்னிக்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை. நேற்று உடைத்தேன்.

பங்குனியில் ஒன்பது நாள் நான் அந்தச் சட்டியை எடுத்து வைத்தேன். உன் கடிதம் அப்போது வீட்டில்தான் இருந்தது. "உங்கட தம்பியில இருக்கிற கோவத்தை அந்தச் சீவனில காட்டாதேங்கோ" என்று உன் அண்ணி மூன்றாம் நாளே சொன்னாள். "நாய் பழக்க எனக்குத் தெரியும். நீர் குசினியில சமையலைப் பாரும்" என்றேன். கிணற்றடியில் ஈரச் சீமெந்தை நக்கிக்கொண்டு நின்றான். கண்டேன். பழகி வருகிறான் என்று நினைத்தேன்.

வைத்தியரிடம் இதைச் சொல்லவில்லை. அதனால்தான் அவர் எனக்கு அப்படி ஆறுதல் சொன்னார். அவன் எப்படியும் போயிருப்பான். அது உன் பிழை இல்லை. அந்த ஒன்பது நாள் தாகம் என் கையால் வந்தது.

அப்பா விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. உனக்குப் பொய் எழுத ஏலாது.

ஆனால் அந்த மூன்று வீடுகளுக்கும் இன்றைக்கே அறிவி. உன் வெட்கத்தைப் பிறகு பார்க்கலாம். தொலைபேசியில் பிடிக்க முடியாவிட்டால் தபாலட்டையில் எழுது. உறைக்குள் போட்டு ஒட்டாதே. அங்கேயும் என்னைப் போல ஒருவன் இருப்பான்.

அண்ணன்