ஜூன் ஏழு இல்லை, ஜூலை ஆறு

ஜெனிட்டா அப்பாவுக்கு,

பூசை முடிஞ்சதும் டைப்பிங் கடைக்குப் போறேன். மீனவர் சங்கத்துக் கடிதம் அத்தனையும் திரும்ப அடிக்கணும். ஞாயித்துக்கிழமைன்னு பார்த்தா முடியாது. சோறு வடிச்சிருக்கேன். நகரை மீன் குழம்பைச் சுட வச்சுச் சாப்பிடுங்க.

புதன்கிழமை நீங்க கத்தினப்ப நான் வாயைத் திறக்கலை. பயம் இல்லை, அலுப்பு. இப்பச் சொல்றேன். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க உங்களுக்கு ஜூலை ஆறுதான். எக்செல்ல 06/07ன்னு சரியாத்தான் போட்டேன். ஒவ்வொருத்தர் பேரும் தேதியும் கடிதத்துல தானா ஏறட்டும்னு மெயில் மெர்ஜ் பண்ணினப்ப வேர்டு மாசத்தை முன்னாடி தூக்கிப் போட்டு 7/6ன்னு ஆக்கிருச்சு. சந்தியாகு மச்சானுக்கு 7/25ன்னு வந்துச்சு. இருபத்தஞ்சாவது மாசம் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே கடைக்கு வந்துட்டார். உங்களுக்கு வந்ததோ நிசத் தேதி மாதிரியே இருந்துச்சு. ஜூன் ஏழுன்னு நம்பி, கடலுக்குப் போகாம இராமநாதபுரம் போய், போட்டோ எடுக்கிற இடத்துல பூட்டின கதவைப் பார்த்துட்டு வந்தீங்க.

இந்தத் தடவை எக்செல்லயே மாசத்தை எழுத்தா அடிச்சுட்டு மெர்ஜ் பண்ணப் போறேன். வெறும் எழுத்தா இருந்தா வேர்டு மாத்தாது.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு மிக்கேலம்மா அக்காகிட்ட குடுங்க. ஜெனிட்டா கோயில்ல மறைக்கல்வி வகுப்பு முடிஞ்சு வந்துருவா.

மறந்துட்டேன். உங்க கடிதத்தை மட்டும் கையால எழுதி அலமாரி மேல வச்சிருக்கேன். கிழிச்சுப் போட்டுறாதீங்க.

இன்னொண்ணு. ஜூலை ஆறு நானும் லீவு போட்டுட்டு உங்ககூட வாரேன். கதவு பூட்டியிருந்தா ரெண்டு பேருமா நிப்போம்.