இத்தாலிக்காரரின் கை

ஜூன் 27, வெள்ளி

காலையிலிருந்தே மழை. ஷூட்டிங் நடக்கிற பாண்டுப் குடோன் ஒழுகுது. லைட் கேபிள்களைப் பலகை மேல் தூக்கிப் போடவே பாதி நாள்.

இன்றைக்கு ஸ்டுடியோ சீன். ஊமைப்படக் காலத்து இத்தாலிக்காரக் கேமராமேன் கேமராவின் கைப்பிடியைச் சுற்றிப் படமெடுக்கிறார். நடிகருக்கு மீசை அருமை. சுற்றத்தான் வரவில்லை. அடிபம்பு அடிக்கிற மாதிரி அடிக்கிறார். ஒரே வேகத்தில் சுற்றணும், இல்லாவிட்டால் படம் துள்ளும். மத்தியானம் வரை பொறுத்த டைரக்டர் ரோஹன், "செல்வி, க்ளோஸப்புக்கு உன் கையைக் கொடு" என்றான். மீசைக்காரர் கோட்டை நான் மாட்டிக்கொண்டேன். என் கேமராவை அசிஸ்டென்ட் பிடித்தாள். ஒரே டேக்.

"என் மணிக்கட்டில் தீத்தழும்பு தெரியுமே?"

"இருக்கட்டும். உழைச்ச கை."

ரயிலில் ஸ்கிரிப்டை மறுபடி படித்தேன். படத்தில் வருகிற அந்த இத்தாலிக்கார மனுஷன் கேமராவை முதுகில் கட்டி மலை ஏறியிருக்கார். யுத்தத்தில் பதுங்குகுழியில் நின்று எடுத்திருக்கார். பேர் வாங்கினது டைரக்டர்கள். பேசும்படம் வந்ததும் ஸ்டுடியோ அனுப்பிவிட்டது. கடைசியில் ஒரு கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பிழைத்திருக்கார். சாகும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், தெரியாது.

அசிஸ்டென்டாகவே இத்தனை வருஷம். முதல்முறை முழுப் படமும் என் பொறுப்பு. அண்ணன் தன் ஆண்டாப் ஹில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான்.

அக்டோபர் 14, செவ்வாய்

புழுக்கம். செம்பூர் ஹோட்டலுக்கு வரச்சொன்னான் ரோஹன். இந்தியில்தான் பேச்சு, ரொம்பக் குழைந்து.

"டைட்டிலில் கேமரான்னு வேற ஒருத்தர் பேர் போடணும். பெரிய ஆள். இத்தாலியில் ரெண்டு ஷாட் எடுத்துக் கொடுத்தார். அவர் பேர் இருந்தாத்தான் வெளிநாட்டில் விற்கும். சமஜ்தி ஹை நா, புரியுதில்லே?"

"மிச்சம் எல்லாம் எடுத்தது நான்."

"யார் இல்லைன்னா? கூடுதல் கேமரான்னு உன் பேர் வரும்."

"ஆரம்பத்தில் வேற மாதிரி சொன்னே."

"சொன்னேன். எழுதியா கொடுத்தேன்?" சிரித்தான். ஜோக்காம்.

எழுந்து வந்திருக்கணும். வரவில்லை. அவன் போன் பேசப் போனதும் அவன் தட்டில் இருந்த வடையையும் நானே தின்றேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று நான் கேமராவைத் தூக்கியபோது வீட்டில் எனக்காகச் சண்டை போட்டவன் அவன் ஒருத்தன்தான்.

நவம்பர் 22, சனி

மாட்டுங்காவில் படம் போட்டார்கள். அண்ணன் இஸ்திரிச் சட்டை. மதினி பட்டுப்புடவை.

ஒளி நன்றாக வந்திருக்கு. அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

படத்தில் ரோஹனின் குரல், இங்கிலீஷில்: "இந்தப் படங்களை எடுத்தவன் பெயரை எந்த டைட்டிலிலும் போடவில்லை. இது அநியாயம்." குரல் தழுதழுக்குது. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார்.

அடுத்து பெயர்கள். அந்தப் பெரிய ஆள் பெயர் தனியாக, பெரிய எழுத்தில். கூடுதல் கேமரா என்று எதுவும் இல்லை. நன்றிப் பட்டியலில், சாப்பாடு போட்டவருக்கும் குடோன்காரருக்கும் நடுவில், 'எஸ். சால்வி'. செல்வியைச் சால்வியாக்கி என்னை மராத்திக்காரி ஆக்கிவிட்டார்கள்.

மேடையில் மீசைக்காரரிடம் யாரோ அந்தக் கை க்ளோஸப் பற்றிக் கேட்டார்கள். ஒரு மாசம் பயிற்சி எடுத்தாராம். கைதட்டல். ரோஹனும் தட்டினான். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

எழுந்து சொல்லியிருப்பேன். பக்கத்தில் அண்ணன்.

பஸ் ஸ்டாப்பில்:

"ஏட்டி, சுத்துனது உன் கைதான? தழும்ப வச்சுக் கண்டுபிடிச்சிட்டேன்லா."

"ஆமாண்ணே."

"அந்த மீசக்காரன் என்ன சொன்னான், எல்லாரும் தட்டுனாவ?"

"ஷூட்டிங் கஷ்டமா இருந்துச்சுன்னான்."

"எழுத்து விறுவிறுன்னு ஓடிட்டு. நான் வாசிச்சு முடிக்கதுக்குள்ள போயிருது. உன் பேரு வந்துச்சா?"

"வந்துச்சு."

"எங்க?"

"முதல்ல."

மதினி என்னைப் பார்த்தாள். அவள் வேகமாக இங்கிலீஷ் வாசிப்பாள். பஸ் வந்தது.

நவம்பர் 24, திங்கள்

குளிர் லேசாக. ரோஹன் போன். அடுத்த படம், ரஷ்யக் கேமராமேன் ஒருத்தர். அவருக்கும் அநியாயம் நடந்திருக்காம்.

"என் பேர் எங்கே வரும்னு முதலில் எழுதிக் கொடு."

"நம்பிக்கை இல்லையா செல்வி?"

"இல்லை."

வைத்துவிட்டான். இனி கூப்பிடமாட்டான். அவனுக்குத் தெரிந்தவர்களும் கூப்பிடமாட்டார்கள்.

நாளை கோபர்கைரனேயில் கல்யாண வீடியோ. பெண் வீட்டுக்காரர் இரண்டு தடவை பேசிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பாவை விடாமல் எடுக்கணுமாம், விட்டால் கோபித்துக்கொள்வாராம். பேட்டரி ஒன்றில் சார்ஜ் ஏறவில்லை.