காலையில ஆறு மணிக்கு அஞ்சு சொல்லு

அக்கா,

இன்னைக்குக் காலையில போன் ஒரு மெசேஜ் காட்டுச்சு. இடம் முடிஞ்சிருச்சாம், எதையாவது அழிக்கணுமாம். எது நிறைய இடம் பிடிக்குதுன்னு அதுவே வரிசை போட்டுக் காட்டுச்சு. முதல் ஆள் நீங்க. நான் உங்களுக்கு அனுப்புன வீடியோ எடிட்டு, நீங்க எனக்கு அனுப்புன வொய்ஸ் நோட்டு, எல்லாம் சேத்து. பக்கத்துல சின்னதா ஒரு குப்பைக்கூடை படம். போனை மேசையில கவுத்து வச்சிட்டு குளிக்கப் போனேன். குளிக்கல. பைப்பைத் திறந்து விட்டுட்டு சும்மா நின்னேன்.

உங்க ஜெர்சி நம்பர் பதினாலு. அந்தப் பேர்லதான் உங்களுக்கு ஃபேன் பேஜ் தொடங்குனேன். அப்ப எனக்கு ஹாக்கியில ஒரு ரூலும் தெரியாது. எடிட்டிங் மாதிரியே அதையும் யூடியூப் பாத்துத்தான் படிச்சேன். கண்டியில எல்லாரும் ரக்பி ரக்பின்னு இருக்கிறப்ப, நம்ம பக்கத்துத் தமிழ் அக்கா ஒருத்தங்க கொழும்புக் கம்பெனி டீம்ல சம்பளத்துக்கு ஹாக்கி விளையாடுறாங்க, அதை யாருமே போட மாட்டேங்கிறாங்களேன்னு எனக்கு ஒரே கொதி. நீங்க அடிச்ச கோல், ஓடுற ஓட்டம், சப்பாத்து லேஸ் கட்டுறது, எல்லாத்தையும் போட்டேன். ஒரு நாள் நீங்களே மெசேஜ் பண்ணீங்க.

"ஏய், என் மூக்கை எதுக்கு இவ்வளவு ஜூம் பண்ற? கோல் மூக்காலயா அடிச்சேன்?"

அந்த ஸ்க்ரீன்ஷாட்ட நான் பிரிண்ட் எடுத்து அலுமாரிக் கதவுல ஒட்டுனேன். அதுக்கப்புறம் நான் உங்களுக்கு எடிட்டரம்மா. வீட்டுக்கு வரச் சொன்னீங்க. மலைச்சரிவுல, படி ஏறி ஏறி மூச்சு வாங்குற வீடு. உங்க அம்மா தேத்தண்ணி குடுத்தாங்க. நான் கதிரை நுனியில உக்காந்து, கப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு, உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். "இது என்னம்மா, டீவி பாக்கிற மாதிரி பாக்குது"ன்னு சிரிச்சீங்க.

முதல் அடி மாத்தளையில. எதிர் டீம் பிள்ளையோட ஸ்டிக் தூக்கி வந்து காதுக்கு மேல பட்டுச்சு. ரெண்டாவது ப்ராக்டிஸ்ல, கோல்கீப்பரோட முட்டி நெத்தியில. ரெண்டு தடவையும் ரத்தம் வரல. அதனால எல்லாரும் லேசா எடுத்தோம். நீங்க விழுந்து எழும்புற அந்த மூணு செக்கனை ஸ்லோவாக்கி, "விழுவா, ஆனா எழும்புவா"ன்னு கேப்ஷன் போட்டேன். என் பேஜ்லயே ரொம்பப் பேர் பாத்த ரீல் அதுதான். நான் துள்ளுனேன்.

கன்கஷன்ங்கிற சொல்லைக் கூட அப்புறம்தான் கூகுள் பண்ணுனேன். மண்டை உடையாம உள்ள மூளை மட்டும் குலுங்குறது. ஒண்ணு ஆற முந்தி இன்னொண்ணு பட்டா ரொம்ப மோசம்னு போட்டிருந்துச்சு. வாசிச்சேன். உங்களுக்கும் அனுப்புனேன். நீங்க ஒரு தம்ஸ் அப் போட்டீங்க.

ஏன்னா உங்களுக்கு வேற கவலை. அந்த சீசன் ஃபைனல் ஆடுனாத்தான் கம்பெனியில வேலை நிரந்தரம். ஆடணும்னா டீம் பிசியோ மிஸ் வைக்கிற டெஸ்ட் பாஸாகணும். அஞ்சு சொல்லு வாசிப்பாங்க, திருப்பிச் சொல்லணும். கொஞ்ச நேரம் வேற ஏதாவது கேட்டுட்டு, மறுபடி அந்த அஞ்சையும் கேப்பாங்க. முதல் தடவை உங்களுக்கு ரெண்டுதான் வந்துச்சு. ஆனா மிஸ்கிட்ட இருந்தது ஒரே ஒரு ஃபோட்டோகாப்பித் தாள். எல்லாருக்கும், எல்லா நாளும் அதே அஞ்சு. அவங்க போன் கதைக்க வெளிய போனப்ப நீங்க அதைப் படம் பிடிச்சு எனக்கு அனுப்புனீங்க.

"எடிட்டரம்மா, இதை எப்படியாவது எனக்குப் பாடமாக்கித் தா."

குடை, மாம்பழம், சாவி, பாலம், துணி.

நான் என்ன செஞ்சேன்? பப்பரே பாட்டாக்குனேன். மேட்ச் நாள்ல ட்ரம்பெட்டும் மேளமும் வச்சு அடிப்பாங்களே, அந்த பீட்ட எடுத்து, என் குரல்லயே அஞ்சு சொல்லையும் பாடி ஏத்துனேன். மிஸ் சிங்களத்துல கேப்பாங்கன்னு சிங்களத்துலயும் ஒண்ணு. நீங்க பஸ்ல கேட்டீங்க, குளிக்கிறப்ப கேட்டீங்க, தூங்குறப்பவும் கேட்டீங்க. உங்க அம்மா கூட சோறு கிளறிக்கிட்டே "குடை மாம்பழம்"னு முணுமுணுத்தாங்க. டெஸ்ட்ல அஞ்சும் சரி. நீங்க எனக்கு ஒரு பெரிய சொக்லட் வாங்கித் தந்தீங்க. பெருமையா சாப்பிட்டேன் அக்கா. கவரக் கூட வச்சிருந்தேன்.

ஃபைனல்ல நான் கம்பிக்குப் பக்கத்துல போனோட நின்னேன். மூணாவது குவார்ட்டர்ல பந்து ஒருத்தியோட ஸ்டிக்ல பட்டு எகிறி உங்க கன்னப்பொட்டுல அடிச்சுச்சு. விழுந்தீங்க. எழும்புனீங்க. எழும்பி, உங்க கோலைப் பாத்து நடந்தீங்க. உங்க டீம் பிள்ளையே கையப் பிடிச்சுத் திருப்பி விட்டா. வெளிய கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. எனக்குக் கேக்கிற தூரம்தான்.

மிஸ் கேட்டாங்க, "இது எந்த ஊர்?"

நீங்க கொஞ்சம் யோசிச்சு, "மாத்தளை"ன்னீங்க. நாம இருந்தது கொழும்புல.

மிஸ் முகம் மாறிச்சு. தாளை எடுத்து அந்த அஞ்சு சொல்லையும் வாசிச்சாங்க. உடனே அஞ்சும் சொன்னீங்க. கொஞ்சம் பொறுத்துக் கேட்டாங்க, மறுபடியும் அஞ்சும். கோர்வையா, தடுக்காம. நான் ஜூம் பண்ணிப் பாத்தேன், உங்க தலை தாளத்துக்கு லேசா ஆடுச்சு. என் பாட்டுக்கு. மிஸ் குழம்பிப் போய் கோச்சைப் பாத்தாங்க. ஸ்கோர் ஒண்ணுக்கு ஒண்ணு. அஞ்சும் சரியாச் சொல்றாளேன்னு உங்களை மறுபடி உள்ள விட்டாங்க.

நான் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். "மிஸ், அது பாட்டு"ன்னு ரெண்டே சொல்லு. போடல. கைல வீடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு. மறுபடி எழும்பிட்டாங்க, இதை இன்னைக்கே போடணும்னுதான் எனக்கு ஓடுச்சு.

நாலாவது அடி பெருசாவே இல்ல. ஒருத்தியோட தோள் இடிச்சுச்சு, அவ்வளவுதான். நீங்க எழும்பல.

அதுக்கப்புறம் அந்த இருட்டு ரூம். ஜன்னலுக்கு ரெண்டு பெட்ஷீட். வெளிச்சம் ஏலாது, சத்தம் ஏலாது, வெங்காயம் தாளிக்கிற வாசனை கூட ஏலாம உங்க அம்மா அவிச்சதும் கஞ்சியுமா சமைச்சாங்க. போன் உள்ள கொண்டு வரக்கூடாது. போன் இல்லாம ஒரு மணித்தியாலம் இருக்கிறது எப்படின்னு நான் உங்க கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்துதான் படிச்சேன். ஒரு நாள் என்னைப் பாத்து, "தங்கச்சி, உங்க பேர் என்ன?"ன்னு மரியாதையாக் கேட்டீங்க. நான் பேர் சொல்லல. "எடிட்டரம்மா"ன்னேன். "அப்படியும் பேர் வைப்பாங்களா?"ன்னு கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க.

பேராதனை கிளினிக்குக்கு அம்மாவோட நானும் வந்தேன். டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. ஃபைனல்ல எல்லாம் சரியாச் சொன்னவங்க எப்படி இவ்வளவு மோசமானாங்கன்னு அவங்களுக்கே விளங்கல. நீங்க வெளிய வாங்குல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க. நான் போனை எடுத்து டாக்டருக்கு முன்னால வச்சேன். டெஸ்ட்ல கேட்ட அஞ்சு சொல்லும் இதுல இருக்குன்னேன்.

"என்ன பிள்ளை உது? போடும் பாப்பம்."

முழுசாக் கேட்டாங்க. ட்ரம்பெட் முடியிற வரைக்கும்.

"நல்லாத்தான் செய்திருக்கிறீர்"ன்னாங்க. "அதுதான் பிரச்சினை. அடிபட்டாலும் பாட்டு வரும் பிள்ளை. நாங்கள் கேட்டது ஞாபகத்தை. நீர் குடுத்துவிட்டது பாட்டை."

உங்க அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. திட்டல. நான் வச்சிருந்த உங்க மருந்துப் பையை மட்டும் என் கையில இருந்து வாங்கிக்கிட்டாங்க.

டாக்டர் குடுத்த கடிதத்தால ஒரு வருஷம் விளையாட்டுக்குத் தடை. வேலை நிரந்தரமாகல. நீங்க கொஞ்சம் தெளிஞ்சதும் முதல்ல செஞ்ச வேலை எனக்கு மெசேஜ் போட்டது. "நீ என் ஃபேனா, இல்ல கம்பெனி சிஐடியா? உன்கிட்டதானே நம்பிக் குடுத்தேன்." நான் பதில் டைப் பண்ணி முடிக்க முந்தி பிளாக். நான் பேஜ்ல ஒண்ணும் போடல. கேட்டவங்களுக்கும் ஒண்ணும் சொல்லல. மூணு மாசம் உங்க புரொஃபைல் படம் எனக்கு வெறும் சாம்பல் வட்டம்.

அப்புறம் ஒரு நாள் பின்னேரம், காரணமே இல்லாம, ஒரு மெசேஜ்.

"ஏதாவது அஞ்சு சொல்லு அனுப்பு. பாட்டுப் போடாத."

அப்படித்தான் அது தொடங்குச்சு. நான் பின்னேரம் அஞ்சு சொல்லு அனுப்புவேன். நீங்க ஒரு தடவை பாத்துட்டு மூடிருவீங்க. காலையில ஆறு மணிக்கு, திரும்பப் பாக்காம, வொய்ஸ் நோட்டுல சொல்லுவீங்க. முதல் வாரம் ரெண்டு வந்தாலே பெரிய விஷயம். "மூணு ஓடிருச்சு, பிடிச்சுக் கட்டி வச்சுட்டு வாறேன்"ம்பீங்க. அப்புறம் ஒரு வித்தை கண்டுபிடிச்சீங்க. மறந்த இடத்துல எல்லாம் மாலு பனிஸ், நான் ப்ராக்டிஸ் முடிய வாங்கித் தாற அந்த மீன் பனிஸ்.

"செருப்பு, ஆட்டுக்குட்டி, மாலு பனிஸ், மாலு பனிஸ், தபால்பெட்டி. எத்தனை சரி?"

"மூணு அக்கா."

"பனிஸுக்குப் பாதி மார்க் கூடக் கிடையாதா? என்ன மனுஷி நீ."

அந்த மூணு மாசம் பத்தி நாம ரெண்டு பேரும் கதைக்கவே இல்ல. ஒரே ஒரு தடவை, பேராதனைப் பாலத்துக்கிட்ட பஸ்ஸுக்கு நிக்கிறப்ப, ரோட்டையே பாத்துக்கிட்டு சொன்னீங்க. "நீ சொல்லலன்னா நான் அடுத்த சீசனும் அந்தப் பாட்டோடயே போயிருப்பேன். அது எனக்கே தெரியும்." பஸ் வந்துச்சு. ஏறுனோம்.

மாசம் போகப் போக பனிஸ் குறைஞ்சுச்சு. வருஷம் முடியிறப்ப டாக்டர், நான் கேள்விப்படாத சொல்லா, வாய்க்கு வந்ததைக் கேட்டாங்க. அஞ்சும் சொன்னீங்க. பத்து நிமிஷம் கழிச்சும் அஞ்சு. "உந்தப் பிள்ளை வெளியில நிண்டு பாடேல்லைத்தானே?"ன்னு கேட்டாங்களாம்.

கம்பெனி உங்களை ரிசர்வ்ல திருப்பி எடுத்துச்சு. முதல் மேட்ச்ல ரெண்டு குவார்ட்டர் ஆடுனீங்க. கோல் இல்ல. மூணாவதுல யாரும் இடிக்கல, நீங்களா திரும்புனப்ப தடுமாறுனீங்க. ஒரு செக்கன் நின்னீங்க. கைய உயர்த்துனீங்க. நீங்களாவே நடந்து வெளிய வந்து, தலையில தண்ணி ஊத்திக்கிட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ன என்னைப் பாத்தீங்க.

"எடுத்தியா?"

"எதை அக்கா?"

"நான் வெளிய வந்ததை. அதைப் போடு."

போட்டேன். ஸ்லோ இல்லாம, மியூசிக் இல்லாம. ரொம்பக் கொஞ்சப் பேர்தான் பாத்தாங்க. அடுத்த ரெண்டு மேட்ச் நீங்க முழுசா ஆடுனீங்க. ரெண்டாவதுல ஒரு கோல். அன்னைக்கு நான் கத்துன கத்துல வீடியோவே ஆடிப்போச்சு.

அப்புறம் அந்த மழை. லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தீங்க. அம்மா திகனையில சித்தி வீட்டுக்குப் போயிருந்தாங்க, மழையால திரும்ப ஏலல. நான் பின்னேரமே அஞ்சு சொல்லு அனுப்புனேன். நீல டிக் விழுந்துச்சு. "பாத்துட்டேன். காலையில வாறேன்"னு போட்டீங்க.

விடிய முந்தி மேல இருந்த மண் சரிஞ்சு வீட்டோட இறங்கிருச்சு.

ஆறு மணிக்கு நான் போனைக் கையில வச்சுக்கிட்டு இருந்தேன். ஆறரை ஆச்சு. இன்னும் தூக்கமான்னு ஒரு கொட்டாவி ஸ்டிக்கர் கூட அனுப்புனேன். அது இன்னும் ஒத்தை டிக்கோட நிக்குது. ஒரு வருஷமா உங்க தலையையே பாத்துக்கிட்டு இருந்தோம் அக்கா. வெயில் படக்கூடாது, பந்து படக்கூடாது, யார் தோளும் படக்கூடாதுன்னு. தலைக்கு மேல இருந்த மலைய ஒருத்தரும் பாக்கல.

போன கிழமை திகனைக்குப் போனேன். உங்க அம்மா, "அவ குரல் இருக்காமே உன்கிட்ட, போடு"ன்னாங்க. போட்டேன். ஒவ்வொண்ணா, முதல்ல இருந்து. மாலு பனிஸ் வந்தப்ப அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாங்க. "அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது தெரியுமா? மீன் வாடைன்னு சின்னதுல இருந்தே தொட மாட்டா." இத்தனை காலமா நான் உங்களுக்கு ப்ராக்டிஸ் முடிய வாங்கிட்டு வந்து குடுத்தது எல்லாம் யார் சாப்பிட்டாங்க அக்கா?

இப்ப போன்ல இடம் பண்ணிட்டேன். "விழுவா, ஆனா எழும்புவா" அழிச்சாச்சு. ஃபைனல் வீடியோ அழிச்சாச்சு. பப்பரே பாட்ட ஒரு தடவை கேட்டுட்டு அதையும் அழிச்சேன், ஆனா அது எனக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு, அதுக்குக் குப்பைக்கூடை இல்ல. நீங்க கைய உயர்த்தி வெளிய வாற வீடியோ இருக்கு. உங்க குரல் முழுசா இருக்கு.

அந்தக் கடைசி அஞ்சுக்கு நீல டிக் விழுந்துச்சு, அப்ப நீங்க வாசிச்சீங்க. வாசிச்சா காலையில சொல்லியிருப்பீங்க. அதனால ஆறு மணிக்கு நான் சொல்றேன், தினமும், உங்களுக்குப் பதிலா, தாளம் போடாம, மெதுவா. ஏணி, கொய்யா, ரயில், சீப்பு, மழைக்கோட்டு. ஒண்ணு மறந்தா அந்த இடத்துல மாலு பனிஸ்னு சொல்லலாம்னு வச்சிருக்கேன்.

இன்னும் மறக்கல அக்கா.